சர்க்கரை வியாதியும் பெண்களின் சுவாசமும்

குமாரலிங்கபுரம் என்ற பெயர் விருதுநகர் மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களின் காதில் விழத் தொடங்கியது, தேசத்தில் அமையவிருக்கும் ஏழு பெரிய ஜவுளிப் பூங்காக்களில் ஒன்று அங்கே 1,052 ஏக்கர் பரப்பில் எழும்பப்போகிறது என்ற செய்தி 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த பிறகுதான். அன்று முதல் அந்த ஊரைக் குறித்து எழுதியவர்கள் முதலீட்டைப் பற்றியும், சாலைகளைப் பற்றியும், லட்சம் பேருக்குக் கிடைக்கக்கூடிய வேலையைப் பற்றியும் எழுதினார்கள். அவை எழுத வேண்டிய விஷயங்களே. ஆனால் அந்த ஊரிலும், அங்கிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை பரந்து கிடக்கும் வானம் பார்த்த பூமியிலும், நாற்பது வயதைத் தாண்டி, சுகர் என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு, நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்குகிறது என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிற பெண்களைப் பற்றி எழுதுவார் எவரையும் காணோம். அவர்களுடைய சுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பெண்களுக்கு வைத்திய உதவியே எட்டவில்லை என்று நான் சொல்ல வரவில்லை; சொன்னால் அது பொய்யாகும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்படி, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. மாசத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, மாத்திரையோடு திரும்பிய காலத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனினும், இந்த வியாதிக்கு ஆகாரம், மருந்து, தேகப்பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்தே சிகிச்சை என்று எல்லா வைத்தியர்களும் ஒப்புக்கொண்டிருக்க, மருந்துக்கு மட்டும் ஒரு திட்டமும், அதை எடுத்துவர ஆளும், கணக்கெழுத ஏடும் இருக்கின்றன. தேகப்பயிற்சிக்கோ 'தினமும் நடங்கள், அம்மா' என்ற ஒற்றை வாக்கியமே உண்டு. எங்கே நடப்பது, எப்பொழுது நடப்பது, எவரோடு நடப்பது, நடந்ததனால் என்ன குணம் தெரிந்தது என்பவற்றைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

சர்க்கரை வியாதி எந்தெந்த அவயவங்களைக் கெடுக்கும் என்று கேட்டால், கண், சிறுநீரகம், கால், இருதயம் என்று இப்பொழுது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட ஒப்பித்துவிடும். நுரையீரலை அந்த வரிசையில் வைத்துப் பேசுவோர் மருத்துவர்களிலும் குறைவு. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. நுரையீரலுக்கு இயற்கை தாராளமான கையிருப்பை வைத்திருக்கிறது. அதில் ஒரு பங்கு குறைந்தாலும் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் அளந்து பார்க்க வேண்டும். அளக்கும் கருவியோ புதிதன்று: ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில வைத்தியர், மூச்சை முழுக்க இழுத்து முழுக்க விட்டால் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்பதைக் கணக்கிடும் ஸ்பைரோமீட்டர் என்ற யந்திரத்தைச் செய்து, இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊதச் சொல்லி, அந்த அளவுகளை 1846-ஆம் ஆண்டில் பிரசுரித்தார். பிற்காலத்தவர் சர்க்கரை வியாதி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் அதே முறையில் ஊதச் செய்து ஒப்பிட்டார்கள். அப்படிச் செய்யப்பட்ட 40 ஆராய்ச்சிகளை ஒருங்கே திரட்டி 2010-இல் வெளியான ஆய்வொன்று, மூவாயிரத்துச் சொச்சம் நோயாளிகளிடம் மூச்சின் மொத்தக் கொள்ளளவு, வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் நூற்றுக்கு ஆறு பங்கும், முதல் விநாடியில் வெளியேற்றும் காற்று ஐந்து பங்கும், காற்றிலிருந்து ரத்தத்துக்குப் பிராணவாயு கடந்து செல்லும் திறனைக் காட்டும் அளவு ஏழு பங்கும் மற்றவர்களைக் காட்டிலும் குறைவாக இருப்பதைக் கண்டது. ஆஸ்துமாவில் நேர்வதுபோல் குழாய்கள் அடைபட்டதால் வந்த குறைவு அன்று இது. நுரையீரலே சற்றுச் சுருங்கினாற்போன்ற குறைவு.

இது ஏன் நேர்கிறது என்பதற்கு ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. ரத்தத்தில் மிகுந்து நிற்கும் சர்க்கரை, விரிந்து சுருங்க வேண்டிய நார்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்கச் செய்கிறது. எண்ணெய் காணாமல் தோல் விறைத்த கொல்லன் துருத்தி எவ்வளவு இழுத்தாலும் பழைய காற்றைத் தராதது போல, நெஞ்சுக்கூடும் நுரையீரலும் முன்னளவுக்கு விரிய மறுக்கின்றன. காற்றறைகளைச் சுற்றிய நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தடிக்கிறது. மூச்சை இழுக்கும் தசைகள், முக்கியமாக உதரவிதானம், பலங் குன்றுகின்றன. வயிற்றில் சேர்ந்த கொழுப்பு அந்த உதரவிதானத்தைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நடுவயதினரைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சியில், மூச்சின் கொள்ளளவு சர்க்கரை உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு 64 மில்லிலிட்டரும் இல்லாதவர்களுக்கு 58 மில்லிலிட்டரும் குறைந்துவந்தது. வித்தியாசம் ஆறு மில்லிலிட்டர்தான்; ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகம். இதை வைத்துக்கொண்டு எவரையும் பயமுறுத்த வேண்டியதில்லை என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். சென்னையிலோ பாஸ்டனிலோ மின் அடுப்பில் சமைத்து, குளிர்சாதன அறையில் வேலை பார்க்கிற ஒருவருக்கு இந்தக் குறைவு ஆயுள் முழுவதும் தெரியாமலே போகலாம்.

கரிசல் காட்டுப் பெண்ணின் கதை வேறு. அவளுடைய நெஞ்சுக்குள் சர்க்கரை புகுமுன்பே புகை புகுந்துவிட்டது. கண்மாயையும் ஊரணியையும் தரிசையும் மூடிக்கொண்டு வளர்ந்திருக்கும் சீமைக்கருவேல முள்ளே இந்தப் பக்கத்தின் விறகு. அதையே வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது, மழை பொய்த்த வருஷங்களில் பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்க்கும் தொழில். கேஸ் சிலிண்டர் இல்லாத வீடு இன்று அரிது என்பது மெய்தான். ஆனால் சிலிண்டர் தீர்ந்துவிடுமே என்று வெந்நீருக்கும், மாட்டுக்குத் தவிடு காய்ச்சுவதற்கும், நாலு பேர் கூடினால் சமையலுக்கும் விறகடுப்பையே மூட்டுகிற சிக்கனம் இன்னும் போகவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைபிடிக்கும் பழக்கமில்லாத 900 பெண்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் இருப்பது தெரிந்தது; அடுப்படியில் தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பவர்களிடம் அது மூன்றாக இருந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண்களுக்கு இதோடு பஞ்சும் சேர்கிறது. நூற்பாலையில் பறக்கும் பஞ்சுத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு, வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுக்குவது தொழில்நோய் வைத்தியம் நெடுங்காலமாக அறிந்த ஒன்று. இவற்றுக்கெல்லாம் மேலே, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை உண்டு. புகையும் பஞ்சும் சோகையும் முன்னமே கையிருப்பைக் கரைத்துவிட்ட நெஞ்சில் அந்த ஐந்தாறு பங்குக் குறைவு வந்து விழும்போது, அது புள்ளிவிவரமாக நிற்பதில்லை. தண்ணீர்க் குடத்தோடு ஊரணி மேட்டில் ஏறும்போது மூச்சாக வெளிப்படுகிறது. வயதாகிவிட்டது, உடம்பு கனத்துவிட்டது என்று அவளே அதற்குச் சமாதானமும் சொல்லிக்கொள்கிறாள்.

தேகப்பயிற்சி இதற்கு என்ன செய்யும்? இங்கே மிகைப்படுத்திப் பேசுவது சுலபம். பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்கள் அதைத் தினமும் செய்கின்றன. ஆகையால் நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இயங்குகிற தசை, இன்சுலினை எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளவல்லது. உடல் எடை குறையாவிட்டாலும்கூட, ஒழுங்கான பயிற்சி மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவை ஏறக்குறைய 0.66 புள்ளி குறைக்கிறது என்று பல சோதனைகளைத் தொகுத்து 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. இது ஒரு மாத்திரையின் வேலைக்கு அதிகம் இளைத்ததன்று. வியாதி வரும் தறுவாயில் இருந்த 531 பேரைக் கொண்டு டாக்டர் ஏ. ராமச்சந்திரன் சென்னையில் நடத்தி 2006-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆராய்ச்சியில், மூன்று வருஷத்துக்குள் வியாதி கண்டவர்கள், சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர். நடையும் ஆகார ஒழுங்கும் போதிக்கப்பட்டவர்களில் 39 பேர்தான். அந்த 531 பேரில் பெண்கள் 110 பேரே என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொள்வது நல்லது.

நுரையீரலைப் பொறுத்தவரை சாட்சியம் இவ்வளவு திடமாக இல்லை. இந்த வியாதியுள்ள பெண்களைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்து, எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் செய்து, முன்னும் பின்னும் மூச்சை அளந்த சோதனைகள் பல தேசங்களில் நடந்திருக்கின்றன. சிலவற்றில் கொள்ளளவு தெளிவாக ஏறியது. சிலவற்றில் சொற்பமாகவே ஏறியது. தடித்த சுவரும் விறைத்த நாரும் நடையினால் புதுப்பிறப்பு எடுத்துவிடும் என்று யோக்கியமான வைத்தியர் எவரும் வாக்குக் கொடுக்கமாட்டார். பயிற்சியினால் திருந்துவன வேறு: மூச்சிழுக்கும் தசைகள் வலுவடைகின்றன, இருதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் ரத்தம் கூடுகிறது, கால் தசைகள் வந்த பிராணவாயுவை வீணாக்காமல் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றன. ஆகவே யந்திரத்தில் ஊதும்போது எண் ஏறினாலும் ஏறாவிட்டாலும், அதே மேட்டை அதே குடத்தோடு ஏறுகிற பெண்ணுக்கு இளைப்புக் குறைகிறது. அவளுக்கு வேண்டியதும் அதுதானே?

'நாங்கள் என்ன சும்மாவா இருக்கிறோம்? விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறோம், இதற்கு மேல் ஒரு நடையா?' என்ற ஆட்சேபம் இந்த இடத்தில் எழும், எழுவது நியாயமும்கூட. கம்பு குத்தி, குதிரைவாலி உரலில் இடித்து, ஆட்டுரலில் மாவாட்டி, மூன்று மைல் நடந்து களைவெட்டப் போய்த் திரும்பிய தலைமுறைக்கு எவரும் நடையை உபதேசித்திருக்க முடியாது. உபதேசித்தவரை உலக்கையாலேயே அனுப்பியிருப்பார்கள். அந்த உழைப்பு இன்று பெரும்பாலும் இல்லை. இல்லாமல் போனதற்காக நான் வருந்தவும் இல்லை. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு பெண்களுக்கு விலையில்லாமல் மிக்சியும் கிரைண்டரும் வழங்கத் தொடங்கியதும், அதே ஆண்டு ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கலானதும், 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அவர்கள் டிக்கெட் இல்லாமல் போய்வருவதும் நல்ல காரியங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தோள்பட்டை தேயத் தேய ஆட்டுரலைச் சுற்றியவளுக்கே அந்தத் தேய்மானத்தின் கஷ்டம் தெரியும். ஆனால் உழைப்பில் பாதி போய், களைப்பு மட்டும் அப்படியே நிற்கும் ஒரு விசித்திரமான நிலைமை இப்பொழுது ஏற்பட்டிருக்கிறது. தறிப்பக்கம் நின்றுகொண்டே எட்டு மணி நேரம், குனிந்தபடி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் வேலை, அடுப்புக்கும் குழாய்க்கும் இடையே நூறு தடவை எழுந்து உட்காருவது: இவையெல்லாம் உடம்பை அலுக்கவைக்கும், இடுப்பை ஒடிக்கும், ஆனால் இருதயமும் நுரையீரலும் வேகமெடுத்து, அந்த வேகத்திலேயே கால்மணி, அரைமணி நிற்கும்படி செய்வதில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்ற அளவுக்கு மூச்சு ஏறி, வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷமாவது அப்படி நடக்க வேண்டும், சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிடக் கூடாது என்பது உலகெங்கும் வைத்தியர்கள் சொல்லும் அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பிரதேசங்களில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 54 பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்களாகவும், ஓய்வு நேரத்தில் பயிற்சி செய்பவர்கள் பத்துப் பேருக்கும் குறைவாகவும் இருந்தார்கள். கிராமத்திலும் பாதிப் பேர் உழைப்பில்லாதவர்களே. ஆண்களைவிடப் பெண்களின் நிலை இதில் மோசமாயிருந்தது.

அப்படியானால் அவர்கள் ஏன் நடப்பதில்லை? சோம்பல் என்று தீர்ப்புச் சொல்பவர்கள், அருப்புக்கோட்டையிலோ விருதுநகரிலோ அதிகாலையில் மைதானத்தில் நடப்பவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும். அங்கே கைவீசி நடப்போரில் வேஷ்டியும் கால்சட்டையும் மிகுதி, சேலை குறைவு. கிராமத்தில் அதுவும் இல்லை. விடியற்காலம் பெண்ணுக்குத் தண்ணீர் பிடிக்கும் நேரம். அதை அடுத்துச் சமையல். பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் மில் வேன் வந்து நிற்கும். சாயங்காலம் திரும்பும்போது இருட்டிவிடும். தெருவிளக்கு ஊர் எல்லையோடு முடிந்துவிடும். எல்லைக்கு அப்பால் நாயும் முள்ளும் மதுக்கடைக்குப் போய்வருகிறவர்களும். இவற்றையெல்லாம் ஒருத்தி பொருட்படுத்தாமல் புறப்பட்டாலும், காரியம் எதுவுமில்லாமல் ஒரு பெண் ரோட்டில் போய்ப் போய் வந்தால், 'எங்கே இந்த நேரத்தில்?' என்று கேட்க ஊரில் பத்து வாய் உண்டு. மாநில அரசு 2023 நவம்பர் 4-ஆம் தேதி 38 மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை ஒவ்வொன்றைக் குறித்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கிய திட்டம் போற்றத்தக்கதே. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது கிராமத்துப் பெண்ணுக்கு எந்த விதத்திலும் பாதை ஆகாது. அந்தப் பாதைக்குப் போய்ச் சேரவே அவள் பஸ் ஏற வேண்டும்.

இதே பெண்கள்தாம் ஆடி மாசத்துக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குக் கூட்டங்கூட்டமாக நடந்து போகிறார்கள். இருபது கிலோமீட்டர், முப்பது கிலோமீட்டர் என்றாலும் கலங்குவதில்லை. ராத்திரியில் நடக்கிறார்கள், பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நடக்கிறார்கள். வீட்டில் யாரும் தடுப்பதில்லை, ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வேண்டுதல் என்ற காரணமும், கூட்டம் என்ற பாதுகாப்பும், வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தலும் விளக்கும் இருந்தால் இந்தச் சமூகம் பெண்ணின் நடையைச் சந்தோஷமாக அனுமதிக்கிறது. திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷி, பிற்காலத்தில் தம்மிடம் வந்தவர்களை அருணாசல மலையைச் சுற்றி நடக்கச் சொல்வது வழக்கம். நடை நம்மவர்களுக்கு அந்நியமான சரக்கல்ல. ஆகவே நாம் செய்ய வேண்டியது மன உறுதியைப் பற்றிய பிரசங்கமல்ல. காரணத்தையும் கூட்டத்தையும் வெளிச்சத்தையும் தினசரி வாழ்க்கைக்குள் கொண்டுவருவதே. (வேண்டுதல் நடையைப் புகழ்ந்த வாயால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: சர்க்கரையினால் பாதம் மரத்துப் போனவர்கள் செருப்பில்லாமல் நடப்பதை அம்மன் நிச்சயமாகக் கேட்கவில்லை.)

வெளிச்சத்துக்கும் வழிக்கும் பெரிய பணம் வேண்டியதில்லை. ஏறத்தாழ எல்லா ஊரிலும் கண்மாய் இருக்கிறது. கண்மாய்க்குக் கரை இருக்கிறது. கரையைச் சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது. அந்த முள்ளை வேரோடு அகற்ற வேண்டும் என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2017-இலேயே உத்தரவிட்டது. நூறு நாள் வேலை என்று ஜனங்கள் சொல்லும் ஊரக வேலையில் கரையைச் சீராக்கி, அரைக் கிலோமீட்டருக்காவது விளக்குப் போட்டுவிட்டால், அங்கே மகளிர் குழு வாரத்தில் சில நாள் கூடி நடக்கலாம். எப்படியும் அந்தக் குழுக்கள் கடன் தவணைக்காக ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடி உட்காருகின்றன. கணக்கை நடந்துகொண்டே பேசுவதில் தவறென்ன? எழும்பப்போகிற ஜவுளிப் பூங்காவில் வேலைக்கு வருபவர்களில் பெண்களே மிகுதியாக இருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. சாலைக்கும் சாக்கடைக்கும் வரைபடம் போடுகிறவர்கள் பெண்கள் நடப்பதற்கு ஒரு நிழற்பாதையையும், வேலை நேரத்துக்குள்ளே அதற்கென்று இருபது நிமிஷத்தையும், பஞ்சில் வேலை செய்பவர்களுக்கு வருஷம் ஒருமுறை ஸ்பைரோமீட்டர் பரிசோதனையையும் இப்போதே எழுதிவைத்துக்கொள்வது நலம். சுவர் எழும்பிய பிறகு கேட்டால் இடமில்லை என்பார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்பைரோமீட்டர் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதும் இல்லை. முப்பது மீட்டர் சமதரையை அளந்து, இரண்டு முனையிலும் அடையாளம் வைத்து, ஆறு நிமிஷத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று குறித்துக்கொள்ளும் சோதனை, நெஞ்சு நோய் வைத்தியத்தில் உலகம் ஒப்புக்கொண்ட சோதனை. அதற்கு ஒரு கடிகாரமும் ஒரு நாற்காலியும் போதும். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, இளைப்பு அடங்க நேரமானாலோ அவரை நடக்கவிடாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அது சர்க்கரையின் இளைப்பாக இராமல் இருதயத்தின் இளைப்பாகவோ, சோகையின் இளைப்பாகவோ, காசநோயாகவோகூட இருக்கலாம், காசநோய் சர்க்கரையோடு கூடிவரும் பழைய கூட்டாளி. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் வெறும் வயிற்றில் வேகமாக நடக்கக் கூடாது. முந்தானையில் ஒரு துண்டு வெல்லம் முடிந்துகொள்வது அவசியம். சித்திரை, வைகாசியில் இந்தப் பூமியின் வெயிலில் காலை எட்டு மணிக்குமேல் நடக்கச் சொல்வது வைத்தியமல்ல, தண்டனை.

இவ்வளவையும் வீடு வீடாகக் கேட்டு, அளந்து, எழுதி வைக்கத் தகுந்தவள் மாத்திரை கொண்டுவரும் அந்தத் தன்னார்வலப் பெண்ணே. அவள் அதே ஊர்க்காரி. எந்த வீட்டில் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பது அவளுக்கு எந்தப் பதிவேட்டையும்விட நன்றாகத் தெரியும். அவள் கூப்பிட்டால் மருமகளை மாமியார் அனுப்பிவைப்பாள், மாமியாரும் கூட வருவாள். ஆனால் ஊக்கத்தொகை என்ற பெயரில் அவளுக்குக் கொடுக்கப்படுவது, இப்பொழுது அவள் சுமக்கும் வேலைக்கே காணாது என்று அவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். நடையளக்கும் பொறுப்பையும் கூலியில்லாமல் அவள் தலையில் ஏற்றிவிட்டு, திட்டம் விரிவடைந்தது என்று அறிக்கை கொடுப்பது நம் இலாகாக்களுக்குப் பழகிப்போன உபாயம். அப்படியில்லாமல், வீட்டுக்கு ஆறு நிமிஷம் வீதம் அவள் செலவிடப்போகும் நேரத்தைக் கணக்கிட்டு, அதற்குரிய தொகையை வருகிற பட்ஜெட்டிலேயே தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும்.